ஒன்பது ஒற்றர்கள்

எனக்குக் கணக்குத் தெரியும் என்கிற திமிர் உண்டு. ராஜா காலத்துப் போர் விளையாட்டு ஒன்றைக் கம்ப்யூட்டருக்காக எங்கள் ஆபீஸில் தயாரித்துக்கொண்டிருந்தோம். அதில் கொலையாளியும் ஒற்றனும் ஒருவருக்கொருவர் சளைக்காதபடி பார்த்துக்கொள்வது என் வேலை. ஒற்றனை உருவாக்கியவன் என் மனைவியின் தம்பி. ஒற்றன் கொண்டுவரும் ஒவ்வொரு சேதியையும் உட்கார்ந்து எழுதினான், இரண்டு வருஷம்.

ஆனால் சோதனைக்காக ஆடிப் பார்க்கும் ஆறு பேரும் ஒற்றனைச் சீண்டவே இல்லை. எடுத்த எடுப்பில் கொலையாளியை அனுப்பி எதிரி ராஜாவைத் தீர்த்துக்கட்டப் பார்த்தார்கள். நூற்றுக்கு எழுபது முறை ஜெயித்த கொலையாளியை ஐம்பதாக்கினேன், முப்பதாக்கினேன். ஊஹூம். ஒற்றனைச் சும்மாவே கொடுத்தேன். அப்போதும் சீந்துவாரில்லை.

ஒற்றனை விளையாட்டிலிருந்தே தூக்கிவிடலாம் என்று மேனேஜருக்கு அறிக்கை அனுப்பிவிட்டேன். நாலு மணிக்கு மீட்டிங். மதியமே மச்சினன் என் மேசைக்கு வந்து நின்றான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாமா."

"நம்பரைப் பாருடா. அதுக்கு மேல நான் என்ன பண்ணட்டும்?"

அவன் திரும்பித் தன் இடத்துக்குப் போய்விட்டான். எனக்குச் சுருக்கென்றது. கூடவே கோபமும் வந்தது. அவன் வாயை அடைக்கவாவது இந்த வாரக் கணக்கை மறுபடி பார்ப்போம் என்று திறந்தேன். ஒரே ஒரு ஆட்டத்தில் ஒன்பது ஒற்றர்கள்! ஆடியது, அந்த ஆறு பேரில் ஒருத்தி, கால் உடைந்து இந்த வாரம் வீட்டிலிருந்து ஆடும் எங்கள் வாயாடி. போனைப் போட்டேன்.

"ஏம்மா, ஒம்போது ஒற்றன் எதுக்கு?"

"பின்ன? இங்க தனியா உக்காந்திருக்கேன். யாரு எங்க படையை நிறுத்துறான்னு எப்படித் தெரியும்? ஆபீஸ்னா அவனவனே கத்திச் சொல்லிடுவான்."

எழுந்து சோதனை அறை வாசலுக்குப் போனேன். ஒரே நீள மேசை, அதைச் சுற்றி மற்ற ஐந்து பேர்.

"வடக்கு வாசல்ல ஆயிரம் குதிரை நிறுத்திட்டேன், வாங்கடா பாப்போம்!"

"அப்ப உன் ராஜா தனியாத்தான் இருக்கான். இதோ வர்றான் என் ஆளு!"

அறையே சிரித்தது. இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் ஆறு மாதமாகக் காபி எடுக்கப் போய் வந்தேன். சேர்ந்து உட்கார்ந்தால் உற்சாகமாக ஆடுவார்கள் என்று ஒரே மேசையில் உட்காரவைத்த புத்திசாலி நானேதான். அடச்சே!

மீட்டிங்கில் மச்சினன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"அறிக்கை தெளிவா இருக்கு" என்றார் மேனேஜர்.

"தெளிவாத்தான் இருக்கு சார். ஆனா தப்பு."

"யாரோட தப்பு?"

ஆடுகிறவர்கள் மேல் பழியைப் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "என்னோடது" என்று சொல்லி, மேசைக் கதையை ஒப்பித்தேன். ஆளுக்கொரு அறையில் உட்காரவைத்து இரண்டு வாரம் பார்க்கலாம் என்றார். ஒற்றன் பிழைத்தான்.

வெளியே வந்ததும் மச்சினன் மெதுவாகச் சொன்னான்: "அந்த மேசை விஷயம் எனக்குப் போன மாசமே தெரியும் மாமா."

"தெரிஞ்சுமா வாயை மூடிட்டு இருந்த? உன் ரெண்டு வருஷ உழைப்புடா!"

"மேசையைப் போட்டது நீங்க. மேனேஜர்கிட்டப் போயி அக்கா வீட்டுக்காரர் மேல எப்படிக் குறை சொல்றது?"

அவனை ஒரு வார்த்தை கேட்காமல், அவன் ஒற்றனைத் தூக்கச் சொல்லி மேனேஜருக்கு நான் எழுதிய அறிக்கையின் நகல் என் கையில்தான் இருந்தது.