நனைக்காத செங்கல்

இப்போதெல்லாம் ஜனங்களுக்கு ஜெபம் பண்ணக்கூட ஜில்லென்று காற்று வேண்டியிருக்கிறது. கொத்தனார் நாற்பது வருஷமாகத் தன் ஊர்ச் சபைக் கோயிலில் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து எழுந்தவர். யாரும் மயங்கி விழுந்து பார்த்ததில்லை. இப்போது சுவருக்குச் சுவர் ஏசி. வாசலில் கிரானைட் வளைவு. அதில் கொடுத்தவன் பேர், அவன் அப்பன் பேர், கடைசியில் இடமிருந்தால் ஆண்டவர் பேர்.

இது பொறுக்காமல்தான் மகள் சபையை விட்டாள். ஞாயிறு காலையில் கொத்தனார் வீட்டு முன்னறையிலேயே பாய் விரித்துப் பதினைந்து பேர் கூடினார்கள். காணிக்கைப் பை சுற்றி வராது. யாருக்கு என்ன கஷ்டம் என்று முதலில் கேட்பார்கள்; கையிலிருப்பதை அங்கேயே கொடுத்துவிடுவார்கள். கூட்டத்தில் ஒரு பஸ் டிரைவர் கால் ஒடிந்து கிடந்தபோது அவர் வீட்டு வாடகை அப்படித்தான் போனது.

“நீங்களும் வந்து உக்காருங்களேன்ப்பா.”

“உங்க கூட்டத்துல கல்லறைத் தோட்டம் இருக்கா?”

சந்தா கட்டுகிற ஆளுக்குத்தான் சபைத் தோட்டத்தில் இடம். அங்கே அவர் மனைவி கிடக்கிறாள். பக்கத்தில் ஆறடி அவருக்காகக் காத்திருக்கிறது. வேறு கூட்டத்தில் போய் உட்கார்ந்தால் பேரை அடித்துவிடுவார்கள்.

அந்த வருஷ மழையில் கல்லறைத் தோட்டத்துப் பின்சுவர் விழுந்தது. மாடுகள் புகுந்து அவர் மனைவியின் தலைமாட்டிலேயே மிதித்துக்கொண்டு நின்றன. கொத்தனார் சபைச் செயலாளரிடம் ஓடினார்.

“இந்த வருஷம் நிதி தீர்ந்துபோச்சு ஐயா. ஏசி இல்லேன்னா இளசுங்க எட்டிக்கூடப் பாக்கறதில்ல. நான் என்ன பண்ணட்டும்?” செயலாளர் கெட்டவர் இல்லை; அலுத்துப்போனவர். “யாராச்சும் கட்டிக் குடுத்தா வேணாங்க மாட்டேன்.”

“உயிரோட இருக்கறவன் குளுகுளுன்னு இருக்கான், செத்தவ மேல மாடு நிக்குது. நல்லா நடத்தறீங்கய்யா சபை!”

வீட்டுக்கு வந்தும் அதையே கத்தினார். செங்கல் வாங்க அவரிடம் வழியில்லை. மகள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை அவர் தோட்டத்துக்குப் போனபோது மகளும் அவள் கூட்டத்தாரும் அங்கே இருந்தார்கள். கல்லும் சிமெண்டும் மணலும் அவர்கள் செலவு. சுவர் முழங்கால் உயரம் எழும்பியிருந்தது. கொத்தனார் ஒரு செங்கல்லைப் பிடித்து ஆட்டினார். கையோடு வந்தது.

“கல்லைத் தண்ணியில ஊறப் போட்டீங்களா?”

“அது எதுக்குங்க ஐயா?” என்றார் கூட்டத்திலிருந்த தையல்காரர்.

“காஞ்ச கல்லு கலவைத் தண்ணிய உறிஞ்சிடும்யா! ஜெபத்துலயே சுவரு நிக்கும்னு நெனச்சீங்களா? பிரிங்க எல்லாத்தையும்!”

யாரும் முகம் சுளிக்கவில்லை. சிரித்துக்கொண்டே பிரித்தார்கள். கூட்டத்தில் ஒரு நர்ஸ் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். கொத்தனார் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் சுவர் மார்பளவு வந்துவிட்டது. மாடு எட்டிப் பார்க்கலாம், தாண்ட முடியாது.

“நாளைக்கு வாங்க ஐயா,” என்றார் தையல்காரர். “எங்க கூட்டத்துல பேரு எழுதறதே கிடையாது.”

“பதினஞ்சு பேரா இருக்கறப்ப எல்லாரும் நல்லவங்கதான். நூத்தம்பது பேர் ஆகட்டும். பாய் போய் நாற்காலி வரும். அப்புறம் கட்டடம் வேணும்பீங்க, என்னைக் கூப்பிடுவீங்க.”

“உங்களைக் கூப்பிட மாட்டோம்ப்பா,” என்றாள் மகள். “நீங்க திட்டறதுக்கும் சேத்துக் கூலி கேப்பீங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

“ஏழு நாளைக்குச் சுவத்துக்குத் தண்ணி விடுங்க. மறந்துடாதீங்க” என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இந்த மாதச் சந்தா இன்னும் கட்டவில்லை. சபை அலுவலகம் மூடுவதற்குள் போய்விடலாம் என்று, இரண்டு கூட்டத்தையும் சேர்த்துத் திட்டி முணுமுணுத்தபடி நடந்தார்.