வரி இல்லாத ஐந்து வருஷம்

தைல ஆலையின் கொதிகலனை லாரியில் ஏற்றிச் சங்கிலியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஏற்றியது கீழேயிருந்து கூட்டி வந்த கூலியாட்கள். எங்களைக் கூப்பிடவில்லை. நாங்கள் தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு, மழையோடு, ஆலை வாசலை மறித்து உட்கார்ந்திருந்தோம். கலெக்டர் ஆபீஸ் அதிகாரி இன்று வருகிறார். அவர் வரும்போது கொதிகலன் இங்கே இருந்தால் ஆலை மூடவில்லை என்று கணக்கு. வேலையையோ நிலத்தையோ கேட்கலாம். மலையை விட்டு இறங்கிவிட்டால் கேட்க ஒன்றுமில்லை. கூட வேலை பார்த்த மரியசூசை விசாரித்து வந்து சொன்னது இது.

வடகவுஞ்சிக்கு மேலே இந்தச் சரிவு என் பூண்டுக்காடாக இருந்தது. இதைப் பின்தங்கிய பகுதி என்று எழுதி வாங்கி, தொழில் தொடங்குகிறவர்களுக்கு ஐந்து வருஷம் வரி இல்லை என்று பஞ்சாயத்து யூனியன் பலகை நட்டது. நிலம் கொடுப்பவனுக்கு ஆலை ஓடுகிற வரைக்கும் வேலை என்றார் தலைவர் சுவாமிநாதன். கைநாட்டு வைத்துக் கொடுத்தேன். தைலமர இலையை அள்ளிக் கொட்டி, நெருப்பைக் காத்து, தின்கிற சோற்றிலும் தைல வாடைதான். பிறகு முதியோர் பள்ளியில் எழுத்துக் கூட்டப் பழகி, முதலில் முழுசாக வாசித்தது அந்தப் பலகையைத்தான். ஐந்து வருஷம் என்று வாசித்தேன். அது முடியும் என்று தோன்றவில்லை. முடிந்த மாதமே முதலாளி கீழே வேறொரு தாலுகாவில் இடம் பார்த்துவிட்டார். அங்கே ஐந்து வருஷம் புதிதாகத் தொடங்குகிறது.

தலைவர் குடையோடு வந்தார்.

"ஏலே குழந்தைவேலு, வழிய விடச் சொல்லுப்பா. இவன் போனா இன்னொருத்தன் வருவான். அவனுக்கும் வரி கெடையாதுன்னு தீர்மானம் போட்டாச்சு."

"அதுவரைக்கும் எங்காட்டுல பூண்டு ஊனிக்கிறேனுங்க."

"அது யூனியன் எடம்ப்பா. வெள்ளாமை இருந்தா எந்த முதலாளி வருவான்? சும்மா கெடக்கணும்."

என் பெண்சாதி அன்னக்கொடி சாக்கை விலக்கிப் பார்த்தாள். "நெலமும் சும்மா கெடக்கணும், நாங்களும் சும்மா கெடக்கணும். நல்ல திட்டந்தாங்க தலைவரே."

யாரோ சிரித்தார்கள். தலைவர் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

டிரைவருக்குப் பொறுமை போயிற்று. வண்டியைத் திருப்பி, எங்களைச் சுற்றிக்கொண்டு சரிவோரமாகவே ரோட்டுக்கு ஏறப் பார்த்தான். பாதி ஏறும்போது ஈரமண் சரிந்தது. லாரி பின்வாங்கிப் பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. "ஐயோ" என்று டிரைவர் அலறினான்.

மலையில் வண்டி பின்வாங்கினால் பக்கத்தில் நிற்கிறவன் சக்கரத்துக்குக் கல் கொடுக்க வேண்டும். யார் வண்டி என்று கேட்கிற வழக்கம் இல்லை. ஓடினோம். மரியசூசை கல்லைத் தூக்கிப் போட்டான். நான் தோளைக் கொடுத்தேன். "வெரசா, வெரசா! இன்னொரு கல்லு!" அன்னக்கொடி தன் சாக்கை உருவி டயருக்கு அடியில் திணித்தாள். எல்லோரும் ஒரே மூச்சாகத் தள்ளினோம். டயர் சாக்கைக் கவ்வியது. லாரி உறுமிக்கொண்டு ஏறித் தார்ரோட்டைப் பிடித்தது. டிரைவர் வெளியே தலையை நீட்டி, கையை நெற்றியில் வைத்துக் கும்பிட்டான். நிற்கவில்லை.

மரியசூசைதான் முதலில் திரும்பிப் பார்த்தான்.

"ஏலே, வாசல்ல யாருலே இருக்கா?"

யாருமில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் இன்னும் முழுசாக நனையாமல் வெளுத்துக் கிடந்தது. கீழ் வளைவில் லாரியின் ஹாரன் நீளமாகக் கேட்டது. ஏறி வந்த அதிகாரியின் ஜீப், பாறையோரம் ஒதுங்கி நின்று, அதற்கு வழிவிட்டது.