மறுதாம்பு

என் மாமனார் தங்கவேல் மாதிரி ஒரு பிடிவாதக்காரரை நான் பார்த்ததில்லை. மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் அவருக்கு அரைக்காணி நிலம். அதை விற்றால்தான் ஆதம்பாக்கத்தில் எங்களுக்கென்று ஒரு வீடு. மயிலாப்பூரில் வாடகைக்கு வீடு மாறி மாறி என் பாத்திரமெல்லாம் நசுங்கிப்போயிருந்தது.

அவரும் சரியென்றுதான் சொன்னார். ஆனால் பயிர் நிற்கிற நிலத்தை எழுதிக்கொடுப்பது அவர்கள் ஊரில் வழக்கமில்லை. இந்த மனிதர் நெல் அறுத்த கையோடு உளுந்து தெளிப்பார். அது முடிந்தால் எள், அப்புறம் மறுபடி நெல். வாங்க வந்த ஜெயராம் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் போனார். கடைசியில் என் கணவர் சேரன், அறுவடை முடிந்த மறுநாளே அப்பாவை இங்கே கூட்டிவந்துவிட்டார். இனி விதைக்க ஆளில்லை. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

வந்த நாளிலிருந்து ஊர்ப்பேச்சுதான். ஏரி நிறைந்தால் மதகு திறப்பார்களாம், அன்றைக்கு வீட்டுக்கு வீடு கறிக்குழம்பாம். நடவு என்றால் தெருவே வயலில் நிற்குமாம். கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

பதிவுக்கு முந்தின வாரம், ஜெயராம் நிலத்தைப் படமெடுத்து அனுப்பினார். மாமா போனை வாங்கிப் பார்த்தார். கோடைமழையில், அறுத்த நெல்லின் அடிக்கட்டையெல்லாம் துளிர்த்துப் பச்சையாக நின்றது.

"மறுதாம்பு வந்துகீதுடா. பயிரு நிக்குது," என்றார்.

"நைனா, அது பயிரா? யாரு வெதச்சா?" என்றார் சேரன்.

"யாரும் வெதைக்கல. அதுவா வந்துது. மாட்ட உட்டு மேய்ச்சாத்தான் நெலம் காலி."

"ஊர்ல ஏது மாடு இப்போ? ஜேசிபி வெச்சி தள்ளிடுவாங்க."

"பச்சய மண்ணுல போட்டு நசுக்குறதா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னா மாமா இது, ஆயுசுக்கும் நாங்க வாடகை வீட்லயே கெடக்கணுமா?" என்று கேட்டேவிட்டேன். அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

விடிந்து பார்த்தால் ஆளைக் காணோம். எனக்கு உயிரே போய்விட்டது. ஊரில்தான் இருக்கிறார் என்று ஜெயராம் போனில் சொன்ன பிறகுதான் சோறு இறங்கியது. ரெண்டு நாள் கழித்து, தலையில் ஒரு பச்சைக்கட்டோடு வாசலில் வந்து நின்றார். வேட்டியெல்லாம் சேறு.

"அறுத்துட்டேம்மா. மீதிய பக்கத்தூரு பால்காரன் வண்டில ஏத்திக்கினு போய்ட்டான். இத மட்டும் என் கையால குடுக்கணும். இங்க மாடு எங்க கட்டியிருப்பாங்க?"

அவர் வேண்டாம் என்று சொல்லியும் கட்டை நான் வாங்கிக்கொண்டேன். கோயில் பக்கத்தில் அகத்திக்கீரை விற்கிற இடத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கே கட்டியிருந்த பசு முகர்ந்து பார்த்துவிட்டுத் தின்ன ஆரம்பித்தது. மாமா ஒவ்வொரு பிடியாக ஊட்டினார். இன்னொரு கையால் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"மாமா, கையெழுத்து அடுத்த வருசம் போட்டுக்கலாமே," என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே நம்பிக்கையில்லை.

கடைசிப் பிடியையும் கொடுத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நெலம் காலிம்மா," என்றார். "எங்க போடணும் கையெழுத்து, சொல்லு."