நேர்ந்துவிட்ட கால்

வேண்டிக்கொண்டவள் சங்கிலியம்மாள். செருப்பில்லாமல் நடக்க வேண்டியவனோ அவள் புருஷன் பேச்சிமுத்து. மகள் ஜக்கம்மா டைபாய்டு கண்டு கம்பம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "ஆத்தா கௌமாரி, பிள்ளைய எழுப்பி விட்டுரு. சித்திரைத் திருவிழா முடியிற வரைக்கும் அவுக காலுல செருப்பு ஏறாது" என்று அம்மன் கோயில் கொண்ட வீரபாண்டி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டாள். நேர்ந்துகொள்கிறவள் தன் காலைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். பிள்ளை எழுந்து உட்கார்ந்தது. பேச்சிமுத்துவும் மறுபேச்சு பேசாமல் காப்புக் கட்டிக்கொண்டான்.

அவன் லோயர் கேம்ப் மின்நிலைய விருந்தினர் விடுதியில் தோட்டக்காரன். அவள் அங்கேயே கூட்டிப் பெருக்குகிறாள். காப்புக் கட்டிய மூன்றாம் நாள் லாரியில் வந்து இறங்கியது புல் வெட்டும் மெஷின். பெட்ரோலில் ஓடுவது, பின்னால் நடந்து தள்ள வேண்டும். அடியில் முழ நீளக் கத்தி சுற்றும்.

சூப்பர்வைசர் ஜெபமணி அவன் காலுக்குச் சற்றுப் பெரிதாக ஒரு ஜோடி தோல் பூட்ஸும் கொண்டுவந்தார். "மொதல்ல கல்லு, குச்சியப் பொறுக்கிப் போட்டுரு. சரிவுல குறுக்கதான் தள்ளணும். ஒன் பக்கமா இழுக்கவே கூடாது. புல்லு ஈரமா இருந்தா மெஷினத் தொடாத. பூட்ஸ் இல்லாமலும் தொடாத."

"நேர்த்திக்கடன் இருக்கு சார்," என்றான் பேச்சிமுத்து.

ஜெபமணி வேதக்காரர். அடுத்தவர் சாமி விஷயத்தில் தலையிட அவருக்குக் கூச்சம். "அப்ப திருவிழா முடியட்டும். நீ அரிவாளால அறு," என்று பூட்ஸை வராந்தாவில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆனால் மறுநாள் மத்தியானம் பெரிய இன்ஜினியர் வருகிறார். இருபது சென்ட் புல்லை அரிவாளால் அறுத்து மாளுமா? பொழுது விடிந்ததும் பேச்சிமுத்து கல்லைப் பொறுக்கிவிட்டு மெஷின் கயிற்றை இழுத்தான். மெஷின் உறுமியது. ராத்திரி பெய்த கோடை மழையில் புல் நசநசவென்றிருந்தது.

வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்த சங்கிலியம்மாளுக்குக் கை ஓடவில்லை. வெட்டிய இடம் பாய் விரித்த மாதிரி அழகாக வந்தது. அதை யார் பார்த்தார்கள்? அவள் பார்த்ததெல்லாம் அந்த இரண்டு வெறுங்கால்களைத்தான். ஈரப் புல்லில் ஒருதரம் வழுக்கியது. பூட்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"ஏங்க! நிறுத்துங்க!"

நிறுத்தினான். "என்னடி?"

"இதப் போடுங்க."

"நீதான நேந்த?"

"நாந்தான் நேந்தேன். நாந்தான் சொல்றேன். போடுங்க."

"பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்," என்று குனிந்து தானே பூட்ஸை மாட்டிக் கயிற்றை முடிந்துவிட்டாள். அவசரத்தில் இரண்டு தடவை முடிச்சு அவிழ்ந்தது.

நாலு வரிசை நன்றாகவே போனது. ஐந்தாவதில், சரிவின் ஓரத்தில், ஈரப் புல் அடைத்து மெஷின் திணறியது. எதைச் செய்யக் கூடாது என்று ஜெபமணி சொன்னாரோ அதையே செய்தான். தன் பக்கம் வெடுக்கென்று இழுத்தான். கால் வழுக்கியது. மெஷின் காலின் மேல் ஏறி, 'டக்'கென்று நின்றது.

சங்கிலியம்மாள் அலறிக்கொண்டு ஓடினாள். இடது பூட்ஸின் முனையைக் காணோம். முடிச்சை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் பூட்ஸைப் பிடுங்கினாள். ரத்தம் இல்லை. விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஐந்தும் இருந்தன.

"ஆத்தா காப்பாத்திட்டா," என்றான் பேச்சிமுத்து. முகம் வெளிறியிருந்தது.

அதைக் கேட்டதும்தான் அவளுக்குச் சுருக்கென்றது. கால் தப்பிவிட்டது. வாக்கு தப்பிவிட்டதே! அவனை அப்படியே புல்லில் விட்டுவிட்டுக் குடியிருப்பைப் பார்த்து ஓட்டம் பிடித்தாள்.

ஜக்கம்மா பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சிரைக்க மகளின் நெற்றியில் கை வைத்தாள். சில்லென்றுதான் இருந்தது. பின்னாலேயே ஒற்றை பூட்ஸோடு நொண்டிக்கொண்டு வந்த புருஷன் "காயுதா?" என்று கேட்டான்.

"இல்ல," என்றாள். கையை மட்டும் எடுக்கவில்லை.