நட்டநடு நாற்காலி

என் வீட்டுக்காரருக்குப் பாம்புச் செவி. லிஃப்ட் பராமரிப்பில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவர். மாடி உச்சியில் இருக்கும் மோட்டார் அறையில் கண்ணை மூடி ஐந்து நிமிடம் நின்றாரென்றால் எந்த பேரிங் தேய்கிறது, எந்த பிரேக் உரசுகிறது என்று சொல்லிவிடுவார். மீட்டர் வைத்துப் பார்க்கிறவர்கள் அரை நாள் கழித்து அதையே சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட செவி, குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று நான் சொன்னால் மட்டும் வேலை செய்யாது.

அந்தச் செவிக்குத் தீனி போடத்தான் எங்கள் வீட்டில் ஒரு அறை. ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர், தனியாக ஆம்ப்ளிஃபையர், எதிரே ஒரே ஒரு நாற்காலி. முன்சுவர், பின்சுவர், இரண்டு பக்கச் சுவர் எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்து, அறையின் நட்டநடுவில் அதைப் போட்டு, நான்கு காலுக்கும் தரையில் பெயின்ட்டில் குறி வைத்திருக்கிறார். நின்றுகொண்டு பாட்டுக் கேட்பது அவர் சாஸ்திரத்தில் பாவம். எழுந்திருக்க வேண்டுமானால் முதலில் ரிமோட்டில் சத்தத்தை நிறுத்துவார், பிறகுதான் எழுவார். அந்த நாற்காலியில் இன்னொருவர் உட்காரக் கூடாது. பதினாறு வருடத்தில் நானும் உட்கார்ந்ததில்லை. அவர் தடுத்தது பாதி, என் வீம்பு பாதி.

போன மாதம் இரண்டு சப்வூஃபர்கள் வந்து இறங்கின. பெரிய ஸ்பீக்கரால் எட்ட முடியாத அடிச்சத்தத்தை மட்டும் போடுகிற கனத்த பெட்டிகள். கூடவே கிராஸ்ஓவர் என்று ஒரு சின்னப் பெட்டி. வருகிற சத்தத்தை அது பங்கு பிரிக்கும். கனமானது சப்வூஃபருக்கு, மற்றது ஸ்பீக்கருக்கு. கடைக்காரர் தானே வந்து பொருத்தித் தருவதாகச் சொன்னார். "எங்கிட்டயேவா?" என்று இவர் சிரித்து அனுப்பிவிட்டார்.

பொருத்தி முடித்து, சோதனைச் சத்தங்களை ஒவ்வொன்றாகப் போட்டார். எண்பது ஹெர்ட்ஸில் ஆரம்பித்து அறுபது, ஐம்பது என்று இறங்கிக்கொண்டே வந்தார். எண் குறையக் குறைய சத்தம் கனக்குமாம். முப்பத்தைந்து வந்தபோது சமையலறையில் என் தட்டுகள் கிடுகிடுவென்று ஆடின.

"என்னங்க, பாத்திரமெல்லாம் ஆடுது! போதும் நிறுத்துங்க!"

"என்ன ஆடுது? இங்க ஒண்ணுமே கேக்கலியே."

வாசலில் மணி அடித்தது. கீழ்வீட்டு அக்கா. "ஏம்மா, வாசல்ல லாரி ஏதும் நிக்குதா? எங்க வீட்டு ஜன்னலெல்லாம் அதிருது."

அக்காவைச் சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பினேன். இவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"உனக்குக் கேக்குது, கீழ்வீட்டுல கேக்குது. எனக்கு மட்டும் கேக்கல. மோட்டார்ல பேரிங் போச்சுன்னா இந்த முப்பத்தஞ்சுலதான் முதல்ல உறுமும். அது கேக்கலன்னா நான் எதுக்கு அந்த வேலைக்கு?"

காது டாக்டரிடம் போகலாம் என்றேன். அவர் என்ன சொல்லப் போகிறார், அதுதான் தெரிந்துவிட்டதே என்றார். அடுத்த மூன்று வாரம் வீட்டில் பாட்டில்லை. சாப்பாட்டை அளைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். போன சனிக்கிழமை சொன்னார், "காது போச்சுன்னு திங்கக்கிழமை ஆபீஸ்ல சொல்லிடறேன். ஆளுங்க உயிரு அதுல தொங்குது."

ஞாயிறு காலை அவர் குளிக்கப் போனார். எனக்கோ ஒரே குடைச்சல். தட்டுக்குக் கேட்கிற சத்தம் இவர் காதுக்கு எப்படிக் கேட்காமல் போகும்? அதே சத்தத்தைப் போட்டுவிட்டு, வீம்பைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அந்த ராஜா நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஒன்றும் கேட்கவில்லை.

பழுதாகிவிட்டதோ என்று பயந்து எழுந்து சமையலறைப் பக்கம் நடந்தேன். நாலாவது அடியில் அடிவயிற்றில் உறுமல். திரும்பி வந்தேன், தேய்ந்தது. நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தால் துடைத்துவிட்ட மாதிரி காணோம். முன்சுவர்ப் பக்கம் போனேன், மறுபடியும் உறுமல். பைத்தியக்காரி மாதிரி அங்கும் இங்கும் எத்தனை தடவை நடந்தேனோ!

அவர் ஈரத்தலையோடு வந்தார். கையைப் பிடித்து இழுத்துப் போய்ச் சமையலறை வாசலில் நிறுத்தினேன்.

"கண்ண மூடுங்க. கேக்குதா?"

"கேக்குது!" என் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஏய், கேக்குது!"

"அப்படியே நடங்க."

"கேக்குது... குறையுது... ம்... இல்ல." கண்ணைத் திறந்தார். முழங்கால் நாற்காலியில் இடித்துக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நேரம் சுவர்களையே மாறி மாறிப் பார்த்தார். "சுவத்துல மோதித் திரும்புற சத்தமும் புதுசா வர்ற சத்தமும் ஒண்ணையொண்ணு அடிச்சு அழிச்சுக்குது. சரியா நடுவுல. பழைய ஸ்பீக்கர் இவ்வளவு கீழ போகாது, அதனால தெரியல. டேப் வச்சு அளந்து அங்கயே போய் உக்காந்திருக்கேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் சிரிக்கவில்லை. மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"வியாழக்கிழமை ஒரு எட்டு மாடிக் கட்டடம். மோட்டார் ரூம்ல இதே உறுமல் கேட்டுச்சு. கூட வந்தவருக்குக் கேக்கல, மீட்டரும் காட்டல. நம்ம காதுதான் போச்சே, கேக்குறது வெறும் பிரமைன்னு... எல்லாம் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவர் அதற்குள் அந்தக் கட்டடத்துக் காவலாளிக்குப் போன் போட்டிருந்தார்.

"லிஃப்ட்ட உடனே நிறுத்துங்க."

"இப்பத்தான் சார் ரெண்டு பேர் ஏறினாங்க."

இருவரும் அந்தப் போனிலேயே காதை வைத்து நின்றோம். எட்டு மாடி ஏற அவ்வளவு நேரமா ஆகும்?

"இறங்கிட்டாங்க சார்."

"மெயின் சுவிட்ச அணைச்சிடுங்க. நான் வர்ற வரைக்கும் யார் சொன்னாலும் போடாதீங்க."

சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார். மாலையில்தான் திரும்பி வந்தார். மேஜையில் ஒரு அழுக்குத் துணியைப் பிரித்தார். உள்ளங்கை அகல பேரிங். அதன் வளையத்தில் என் நகம் நுழைகிற அளவுக்கு விரிசல்.

"விட்டிருந்தா?"

"ரெண்டு நாள் தாங்கியிருக்கலாம். தாங்காமலும் போயிருக்கலாம்."

கையைக் கழுவிவிட்டு வந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஆபீசுக்கு எழுத உட்கார்ந்தார். காதுதான் நன்றாக இருக்கிறதே, இன்னும் எதற்குக் கடிதம் என்றேன்.

"காது போச்சுன்னு நெனச்சவன் எப்படிக் கையெழுத்துப் போடலாம்? அத எழுதணும்."

எழுதினால் வேலை போனாலும் போகும். பேரிங்கைத்தான் மாற்றியாகிவிட்டதே, யாருக்குத் தெரியப் போகிறது என்று சொல்ல வாய் வரை வந்தது. போனில் அந்த இரண்டு பேருக்காகக் காத்து நின்ற நேரம் நினைவுக்கு வந்தது. அவர் பேனா பாதியில் மை தீர்ந்து நின்றபோது, என் பையிலிருந்த பேனாவை எடுத்துக் கொடுத்தேன்.