பீரோவுக்குப் பின்னால்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சுரங்கத்தில் சங்கு ஊதும். சங்கு ஓய்ந்து கொஞ்ச நேரத்தில் வெடி. அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் ஒருமுறை குதிக்கும், தெரு நாய்கள் குரைக்கும், பிறகு அவரவர் விட்ட கவளத்தை எடுத்துச் சாப்பிடுவோம். நான் மட்டும் எழுந்து போய் பீரோவுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்ப்பேன்.

அந்தச் சுவரில் விரிசல் விட்டிருந்தது. ஆடி மாதம் ஜன்னல் மூலையில் தலைமுடி அளவுக்கு இருந்தபோது காலண்டரை மாட்டினேன். ஐப்பசி மழையில் அது காலண்டருக்குக் கீழே காலை நீட்டியது. பீரோவை நகர்த்தி வைத்தேன். மார்கழியில் என் சுண்டுவிரல் உள்ளே போனது.

சுரங்கம் என்று ஊரார் சொல்லும் அந்தச் சுண்ணாம்புக்கல் குழி ஒரு காலத்தில் எங்கள் கொல்லை. வானம் பார்த்து மக்காச்சோளம் போடுகிற பூமி. என் வீட்டுக்காரர் முத்தமிழைக் கத்தாருக்கு அனுப்ப ஏஜெண்டுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. சிமெண்ட் கம்பெனிக்காரன் கேட்டான், கொடுத்தோம். அந்த வருஷம் கொடுக்காதவர்கள் யார்? கொல்லை கொடுத்த வீட்டுக்கெல்லாம் ஒரு பாஸ்போர்ட் வந்தது, பாஸ்போர்ட் வந்த வீட்டுக்கெல்லாம் தளம் போட்டார்கள். ஊர் முன்னேறிவிட்டது என்று பஸ்ஸில் வருகிறவர்கள்கூடச் சொன்னார்கள். எங்கள் கொல்லையில் வெட்டிய கல் ஃபாக்டரிக்குப் போய், சிமெண்ட் மூட்டையாகத் திரும்பி வந்து, எங்களுக்கே வீடாக நின்றது. இப்போது அங்கே வெடி வைக்க வைக்க இங்கே வீடு பிளக்கிறது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நாங்கள் டைல்ஸ் ஒட்டிச் செய்திருக்கிறோம்.

வேலை முடிந்து, தினமும் இருட்டிய பிறகு அவர் வீடியோ காலில் வருவார். என் முகத்தைவிட வீட்டைத்தான் அதிகம் பார்ப்பார். "சுத்திக் காமி புள்ள" என்பார். கேட், டைல்ஸ், சமையல்கட்டு எல்லாம் காட்டுவேன். பீரோ வந்ததும் போனைப் பாப்பா பக்கம் திருப்பிவிடுவேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், தெரியும். ஆனால் சித்திரையோடு அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. "வூடு கட்டியாச்சு, வந்துடுறேன்" என்று சொல்லியிருந்தார். விரிசல் விஷயம் தெரிந்தால் அதைச் சரிபண்ண இன்னொரு கையெழுத்துப் போட்டுவிடுவார். பாப்பா வயிற்றில் இருக்கும்போது போன மனுஷன். நடுவில் ஊருக்கு வந்துபோகிற டிக்கெட் காசையும் கம்பியும் மணலுமாக்கியவர். உங்க அப்பா எங்கே என்று யாராவது கேட்டால் பாப்பா போனைக் காட்டுகிறாள். எனக்கு அவர் வந்தால் போதும்.

தை பிறந்து ஒரு நாள் வாசலில் நின்று போனில் அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அம்பிகா புதிதாகக் கட்டிய மாடிக்குச் சீரியல் பல்பு போட்டிருந்தாள். அது என் தலைக்குப் பின்னால் மினுக்கிக்கொண்டு இருந்திருக்கிறது.

"அவங்க எப்ப மாடி எழுப்புனாங்க?"

"போன மாசங்க. சிங்கப்பூர் பணம்."

மறுநாள் போனில் சிரித்துக்கொண்டே வந்தார்.

"நம்ம வூடும் கல்லு மாதிரிதானே நிக்குது இலக்கியா? நாமளும் ஒரு மாடி எழுப்பிடுவோம். இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். ஆண்டவர் அண்ணன்ட்ட பேசியாச்சு, செங்கல் வந்துரும்."

வீடு கல் மாதிரி நிற்கிறது என்று தினமும் அவருக்குக் காட்டியவள் நான்தானே.

ஆண்டவர் இந்த வீட்டைக் கட்டிய கொத்தனார். வெள்ளிக்கிழமை செங்கல் லோடோடு வந்தவர் ஹாலுக்குள் நுழைந்ததுமே, "பீரோ ஏன் ஜன்னல மறைச்சிக்கிட்டு நிக்குது?" என்று கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் நகர்த்திவிட்டார். விரிசல் தரையிலிருந்து மேல்தளம்வரை போயிருந்தது. நடுவில் ஓரிடத்தில் வெளிச்சம் தெரிந்தது.

"இது மேல மாடியா? கெடக்குறது கெடக்கட்டும், கெழவியத் தூக்கி மணையில வைங்கிற கதையால்ல இருக்கு! தங்கச்சி, இன்னைலேருந்து புள்ளைய இங்க படுக்க வைக்காத. தம்பிகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

வெள்ளிக்கிழமை கத்தாரில் அவருக்கு லீவு, ஆனாலும் இருட்டிய பிறகுதான் கூப்பிடுவார். அன்றைக்கு நானே கூப்பிட்டேன். போனை விரிசல் நெடுகக் காட்டினேன்.

"எப்பலேருந்து?"

"ஆடிலேருந்துங்க."

திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன்.

"அப்ப இடிச்சிட்டுத்தான் கட்டணும். இந்த ரெண்டு வருஷம் பத்தாது."

"வூடே வேணாங்க. நீங்க வந்துருங்க. கூரை போட்டுக்கிட்டு இருந்துக்கலாம். சோளம் வெதைச்சாவது பொழைச்சுக்கலாம்."

"எதுல வெதைக்கிற?" என்றார்.

அதற்குள் மத்தியானச் சங்கு ஊதியது. ஆண்டவர் வாசலுக்கு ஓடினார். நான் பாப்பாவை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். போன் கையில்தான் இருந்தது.

"என்ன சத்தம் அது?"

இத்தனை வருஷத்தில் இந்த நேரத்தில் அவர் பேசியதே இல்லை.

"நம்ம கொல்லைங்க," என்றேன்.

சங்கு நின்றது. இனி வெடிதான். பாப்பா என் கழுத்தை இறுக்கிக்கொண்டாள். நான் போனை வீட்டின் பக்கம் திருப்பிப் பிடித்தேன். அவரும் பார்க்கட்டும்.