கிரிசெலின் காது

ஆக்னெஸ் மெக்லங் மூன்று பெண்பிள்ளைகளையும் ஒரு தாய்ப்பன்றியையும் நடத்திக்கொண்டு பென்சில்வேனியாவிலிருந்து வர்ஜீனியா மலைக்காட்டுக்கு வந்து சேர்ந்தபோது, அவள் நிலத்தில் வேறொருவன் சோளம் போட்டிருந்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் ராப் தனியாக வந்து, ஓடையோரம் நூறு ஏக்கரைச் சுற்றி மரங்களில் கோடாரியால் குறி வெட்டிவிட்டுத் திரும்பியிருந்தான். அந்தக் காட்டில் அதுதான் நிலப்பத்திரம். குடும்பத்தைக் கூட்டிப்போவதற்குள் காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது. கொழுந்தன் வீட்டு அடுப்படி மூலையில் விதவைக்கு இடம் உண்டு என்றார்கள். ஆக்னெஸ் அந்த மூலையைப் பார்த்தாள். அடுப்பை மறித்து உட்கார்ந்திருந்த ஓரகத்தியையும் பார்த்தாள். மூட்டையைக் கட்டிவிட்டாள்.

இப்போது இந்த நிலமும் இல்லையென்றால் அந்த மூலைதான்.

சோளம் போட்டவன் பெயர் மாத்யூ குரோசியர். மரத்துக் குறியெல்லாம் தான் வெட்டியது என்று சாதித்தான். மற்றவர்கள் மரத்தில் பேரின் முதலெழுத்தை வெட்டுவார்கள். ராபுக்கு எழுத்து தெரியாது. அவனுக்குத் தெரிந்த ஒரே கையெழுத்து, காட்டில் மேயவிடும் பன்றிகளுக்கு வீட்டுக்கு வீடு வேறாக வெட்டிவிடும் காதுக்குறிதான். நுனி சதுரமாக நறுக்கு, கீழ்ப்பக்கம் ஒரு கீறல். அதையே நாற்பது மரத்திலும் வெட்டிவைத்திருந்தான்.

"எனக்கும்தான் எழுத்து தெரியாது. கை போன போக்குல வெட்டினேன்" என்றான் குரோசியர்.

ஒரு வீட்டுக்கு மரக்கட்டைச் சுவர் தூக்க ஊரே கூடிய நாளில் வழக்கைப் பேசினார்கள். அந்தக் குறி எங்கள் பன்றி கிரிசெல் காதில் இருக்கிறது என்றாள் ஆக்னெஸ். கிரிசெல் எங்கே என்று கேட்டார், தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்த கிழவர் ஹான்ஸ் பாட்டர்சன். அங்கேதான் சிக்கல். வந்த அன்றே ஓக் கொட்டை பொறுக்கக் காட்டுக்குள் போன பன்றி, ஒரு மாதமாகக் கண்ணில் படவில்லை.

கூப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. ராப் அவளைக் கூப்பிடும் கூப்பாடு அடிவயிற்றில் உறுமலாகத் தொடங்கி மூக்கில் கிறீச்சென்று முடியும். நாலு ஆண்கள் முன்னால் ஒரு பெண்பிள்ளை போடக்கூடிய சத்தம் அல்ல. ஆக்னெஸ் போட்டாள். மகள்கள் மூன்று பேரும் முகத்தைப் பாவாடைத் துணியில் புதைத்துக்கொண்டார்கள். முதல் சத்தத்துக்குக் குரோசியரின் நாய் ஓடிவந்தது. இரண்டாவதுக்கு அதுவும் ஓடிப்போனது. மூன்றாவதுக்குப் புதர் ஆடியது. ஏழு குட்டிகள் பின்தொடர கிரிசெல் வந்து நின்றாள்.

ஹான்ஸ் காதைப் பிடித்து, எல்லை மரத்திலிருந்து குறியோடு செதுக்கிக் கொண்டுவந்திருந்த மரப்பட்டையோடு வைத்துப் பார்த்தார். "அச்சு அசல். நேத்து வெட்டினதும் இல்ல. ஆறி மயிரே முளைச்சிருக்கு."

"பன்னியைச் சாட்சிக்குக் கூப்பிட்டா, சத்தியம் யாருய்யா வாங்குறது?" என்று குரோசியர் குதித்தான்.

அவன் குதித்த நேரத்தில் கிரிசெல் அவன் கீழே வைத்திருந்த தொப்பிக்குள் இருந்த சோள ரொட்டியைத் தின்று முடித்து, தொப்பி விளிம்பையும் தொடங்கியிருந்தாள்.

"உன் ரொட்டியைத் தின்னுட்டும் உனக்குச் சாதகமா நிக்கல பாரு" என்றார் ஹான்ஸ். "இதைவிட நேர்மையான சாட்சி இந்தக் காட்டுல கிடைக்காது தம்பி."

நின்ற சோளம் குரோசியருக்கு, நிலம் ஆக்னெஸுக்கு என்று முடிந்தது.

நவம்பர் குளிரில் எல்லா வீட்டிலும் பன்றி அறுத்தார்கள். ஆக்னெஸ் கத்தியை எடுத்தாள், கிரிசெலைப் பார்த்தாள், கத்தியை வைத்துவிட்டாள். அந்த மாதம் வழிப்போக்காக வந்த பாதிரியாரிடம் வேதப்புத்தகத்தில் குடும்பத்தார் பேரை எழுதச் சொன்னாள். ராப், தான், மகள்கள். பிறகு கிரிசெல்.

"இது யாரும்மா?"

"எங்ககூட நடந்து வந்தவ ஐயா. அவ இல்லேன்னா எங்களுக்கு இந்த மண்ணு இல்ல."

பாதிரியார் மனம் நெகிழ்ந்து கொட்டை எழுத்தில் எழுதினார். ஆக்னெஸும் திருத்தவில்லை.

அதனால்தான் மெக்லங் வம்சத்தில் தலைமுறைக்கு ஒரு பெண்ணுக்குக் கிரிசெல் என்று பேர். பிள்ளை பிறந்ததும் தூக்கிப் பார்ப்பவர்கள், மூக்கு அப்படியே அந்த மகராசி மூக்குதான் என்பார்கள்.